ஆயா குழம்பில் எத்தனை கை

கருவாட்டுக் குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று எந்தச் சமையல் புத்தகமும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ‘தேவையான அளவு’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். சாம்பாருக்கு அப்படி எழுதினால் அது எழுதுபவரின் சோம்பல். கருவாட்டுக் குழம்புக்கு அதுதான் உண்மை. அந்தக் குழம்பின் உப்பில் பெரும்பங்கு அடுப்படிக்கு வெளியே, மீன் கரைக்கு வந்த அன்றே முடிவாகிவிடுகிறது. எந்த மீன், எவ்வளவு பெரியது, எத்தனை நாள் உப்பில் கிடந்தது, அந்த வாரம் வெயில் எப்படி அடித்தது என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்தது அது. சமைப்பவர் கடைசியில் ருசி பார்த்து, வேண்டுமானால் ஒரு சிட்டிகை கூட்டலாம். கூடிப்போனதைக் குறைக்க அவரிடம் பெரிய வழி கிடையாது.

பாட்டியின் கைப்பக்குவம் என்று குடும்பங்கள் போற்றுவதை அக்கறையோடு ஆராய விரும்புகிறவர்களுக்கு மரக்காணம் நல்ல இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஊர். விழுப்புரம் மாவட்டம். ஒருபுறம் எக்கியார்குப்பம், அனுமந்தை, கூனிமேடு என்று கடலோரக் குப்பங்கள்; இன்னொரு புறம் கழுவெளிச் சதுப்பு நிலமும் பக்கிங்காம் கால்வாயும்; நடுவே வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். மீனும் உப்பும் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும் கரை இது. இந்தப் பக்கத்தில் பாட்டியை ‘ஆயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரை விட்டுச் சென்னைக்கோ துபாய்க்கோ போனவர்கள் ஏங்கிப் பேசும் சாப்பாட்டுப் பட்டியலில் ஆயா வைத்த கருவாட்டுக் குழம்பு தவறாமல் இருக்கும்.

கூடவே ஒரு புலம்பலும் இருக்கும். ஆயா சொன்னபடியே செய்தேன், அந்த ருசி வரவில்லை. போனில் கேட்டால், “அளவெல்லாம் இன்னா கண்ணு அளவு, கொதிச்சதும் வாயில வுட்டுப் பாரு, கருவாடே சொல்லும்” என்கிற மாதிரி ஒரு பதில் வரும். இதைக் கிழவிகளின் மழுப்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆயா மழுப்பவில்லை. தன் கையில் இல்லாத ஒன்றுக்கு அவர் எப்படி அளவு சொல்வார்?

முதலில் உப்பைப் பார்த்துவிடலாம். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டால், முதலில் சுண்ணாம்புச் சத்துள்ள பொருள்கள் அடியில் படியும். நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பிறகுதான் நாம் உப்பு என்று சொல்லும் சோடியம் குளோரைடு மணி மணியாகக் கட்டத் தொடங்கும். அதோடு நின்றுவிடாது. இன்னும் காயவிட்டால் மிச்சமிருக்கும் நீரில் மக்னீசிய உப்புகள் செறிந்து கசப்பு ஏறும். எந்த நேரத்தில் உப்பை வார வேண்டும், எந்த நேரத்தில் மிஞ்சிய கசப்பு நீரை வெளியே விட வேண்டும் என்பதுதான் உப்பளத் தொழிலின் நுட்பம். இப்போது அடர்த்தியை அளக்கக் கருவி இருக்கிறது. அது வருவதற்கு முன்பு கண்ணும் நாக்குமே கருவி.

மரக்காணத்துப் பாத்திகளுக்கான உவர்நீர் கழிமுகத்தின் வழியாகவும் நிலத்தடியிலிருந்தும் வருகிறது. பருவம் தொடங்கும் முன் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் ஏறும். தை பிறந்ததும் வேலை சூடுபிடிக்கும், வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நின்றுவிடும். வாரிய உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. உப்பு வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பாழாக்கும், உவர்நீர் பாதங்களை வெடிக்க வைக்கும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதினார். மரக்காணத்துப் பெண்களுக்கு அப்படி ஒரு நாவல் வாய்க்கவில்லை என்றாலும் வேலையின் கடுமை ஒன்றுதான்.

இதற்கும் குழம்பின் ருசிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மக்னீசியமும் கால்சியமும் அதிகமுள்ள உப்பைத் தடவினால், மீனுக்குள் உப்பு இறங்குவது தாமதமாகும். கருவாடு வெளுத்து, நொறுங்கும் தன்மை கொண்டு, லேசாகக் கசக்கும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சுத்தமான உப்பு வேகமாக உள்ளே இறங்கும். ஆனால் மீன் பதப்படுத்தும் துறை அறிந்த விசித்திரம் ஒன்றுண்டு. முற்றிலும் தூய சோடியம் குளோரைடு போட்ட கருவாடு மஞ்சளோடி, வளைந்து கொடுப்பதாக இருக்கும். பலரும் விரும்பும் வெண்மையும் இறுக்கமும் அந்தச் சிறிதளவு ‘அழுக்கால்’ வருபவை. இது போதாதென்று உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் வேறு. உப்பளப் பாத்திகளைச் சில நேரம் இளஞ்சிவப்பாக்குவது அவைதான். அதே உப்பு ஈரக் காற்றில் கருவாட்டின் மேல் சிவப்புப் படலத்தை வரவழைத்துக் கெடுக்கும். ஆக, பாத்தியில் யாரோ ஒரு பெண் அரைநாள் முன்னதாகவோ பின்னதாகவோ உப்பை வாரியது, பல வாரம் கழித்து எங்கோ ஒரு சட்டியில் தெரியும்.

அடுத்து மீன். எல்லாக் கருவாட்டுக்கும் உப்பு போடுவதில்லை. நெத்திலி, சென்னாக்குன்னி போன்ற பொடிகள் பெரும்பாலும் வெறும் மணலிலோ வலை விரிப்பிலோ கொட்டிக் காயவைக்கப்படுகின்றன. நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். வாளை, சுறா, திருக்கை, வஞ்சிரம் போன்றவற்றைக் கீறி, குடலெடுத்து, கழுவி, உப்பு அடைத்து, அடுக்கடுக்காகத் தொட்டியிலோ மண்பானையிலோ வைப்பார்கள். மூன்று, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது வழக்கமான கணக்கு. உப்பு மீனின் நீரை வெளியே இழுக்கும், அந்த நீரிலேயே மீன் ஊறும். பிறகுதான் வெயில். மேகம் மூடினால் புளிப்பு வாடை வரும். ஈ மொய்த்தால் புழு வைக்கும். இந்த வேலையையும் கரையோரம் முழுக்கப் பெண்கள்தான், அதிலும் வயதான பெண்கள்தான் செய்கிறார்கள். கடலுக்குப் போகும் ஆணின் திறமையைப் பாராட்ட ஆயிரம் கதைகள் உண்டு. விற்காமல் மிஞ்சிய மீனைப் பத்து மாதம் தாங்கும் உணவாக மாற்றும் திறமையை யாரும் திறமை என்று எண்ணியதாகவே தெரியவில்லை. கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, தெற்கு, தென்கிழக்கு ஆசியக் கருவாட்டுத் தொழிலைப் பற்றிப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ‘டிரைடு ஃபிஷ் மேட்டர்ஸ்’ என்னும் ஆய்வுத் திட்டம் புறப்பட்டதற்கே இந்தப் பாராமுகம்தான் காரணம். மீன்வளக் கணக்குகளில் கருவாடும், அதைச் செய்யும் பெண்களும் காணாமல் போகிறார்கள் என்பது அதன் வாதம்.

ஒருகாலத்தில் அரசாங்கம் இந்தப் பெண்களை நன்றாகவே கவனித்தது, உப்பு திருடிவிடுவார்களோ என்று. சென்னை மாகாணத்தில் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விலை ஏறியது. மீனுக்குப் போடும் அளவு உப்பு வாங்கக் கட்டுப்படியாகாத மீனவர்கள் உவர்மண்ணைத் தடவியும், உப்பே இல்லாமலும் மீனைக் காயவைத்தார்கள். பாதி அழுகிய கருவாடு சந்தைக்கு வந்தது. மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே, இந்தியா, பர்மா கடல்மீன் வளம் குறித்து 1873இல் தந்த அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டி, மீன் பதப்படுத்த மலிவாக உப்பு தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதன் பிறகு சென்னை மாகாணக் கரையெங்கும் மீன் உப்பிடும் முற்றங்கள் வந்தன. வேலி போட்டு, காவலுக்கு ஆள் நிறுத்திய இடங்கள் அவை. வரியில்லாத உப்பு அங்கே மட்டும் கிடைக்கும். மீனைக் கொண்டுவந்து அங்கேயே உப்பிட வேண்டும். உப்பை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் உப்பு மலை தெரியும் ஒருத்தி, குழம்புக்கு ஒரு கை அள்ளினால் குற்றம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த வரி அடுப்படியையும் கருவாட்டுப் பானையையும் எப்படித் தொட்டது என்பது பாடத்தில் இல்லை. உப்பு வரி 1947இல்தான் போயிற்று. இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் ஆயாக்களுக்குக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்த தாய்மாரும் பாட்டிமாரும் அந்த வரியோடு வாழ்ந்தவர்கள்.

இந்தக் கரையின் சாப்பாட்டைப் பற்றிய பழைய சாட்சி இதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பாணனை வழிப்படுத்தும் 269 அடிப் பாட்டு. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இன்றும் அதே பெயரில் இருக்கிறது. ஆக, புலவர் பக்கத்து ஊர்க்காரர். பாட்டில் வரும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகத்தை இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளுஸ் குறிப்பிடும் சோபட்மா இதுதான் என்று சொல்வோரும் உண்டு.

அந்த எயிற்பட்டினத்தில் பாணர்களுக்கு என்ன கிடைக்கும் என்று புலவர் சொல்கிறார். நுளைமகள் ஒருத்தி வடித்த பழந்தேறல். அதனுடன் உலர்ந்த குழல்மீனைச் சுட்டது. கருவாடுதான். அடுத்து வேலூர் வருகிறது. அங்கே எயினர் குடிப் பெண்கள் புளி சேர்த்த சூடான சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் தருகிறார்கள். ஆமூருக்குப் போனால் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். கருவாட்டுக் குழம்புக்கு வேண்டிய மீன் ஓரூரில், புளி அடுத்த ஊரில், அதைப் பிசைந்து தின்னச் சோறு மூன்றாவது ஊரில் என்று புலவரே பங்கு பிரித்து வைத்ததுபோல இருக்கிறது. இது வேடிக்கைக்குச் சொல்வது. அந்தக் காலத்தில் இன்றைய குழம்பு இருந்தது என்பதற்கு இதில் ஆதாரம் ஏதும் இல்லை. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகு வந்தவை என்பதால் இருந்திருக்கவும் முடியாது.

ஆனால் அதே பாட்டில் இன்னொரு அடுப்படியும் இருக்கிறது. ஆய்வாளர்கள் அதை எயிற்பட்டினத்தோடு சேர்த்துப் படிப்பது குறைவு. வள்ளலிடம் வருவதற்கு முன் பாணன் குடும்பம் கிடந்த வறுமை. சுவரில் கறையான், காளான் முளைத்த சமையலறை, பால் வற்றிய முலையைக் கண் திறவாத குட்டிகள் இழுப்பது பொறுக்காமல் குரைக்கும் நாய். அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அடுத்தவர் பார்த்தால் வெட்கம் என்று கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய சுற்றத்தோடு அதைப் பகிர்ந்து உண்கிறாள். கீரை இலவசம், தண்ணீர் இலவசம், விறகு பொறுக்கிக்கொள்ளலாம். காசோ பண்டமோ கொடுத்து வாங்க வேண்டியது உப்பு ஒன்றுதான். வறுமையைக் காட்ட நத்தத்தனார் நகை இல்லாத கழுத்தையோ கிழிந்த துணியையோ முன்னே வைக்கவில்லை. உப்பில்லாத கீரையை வைத்தார். உப்பு விளையும் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவருக்கு அந்தக் குறையின் கனம் தெரிந்திருக்கிறது. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘உப்பிட்டவரை’ நூல் தமிழ்ப் பண்பாட்டில் உப்பின் இடத்தை விரிவாக ஆராய்கிறது. அந்த ஆராய்ச்சியை அடுப்படிப் பக்கமாக இன்னும் நீட்ட இடமிருக்கிறது.

இப்போது குழம்புக்கு வருவோம். வட தமிழ்நாட்டுக் கரையில் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். கருவாட்டை வெந்நீரில் சற்று ஊறவைத்து, மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவார்கள். அதிக நேரம் ஊறினால் உப்போடு ருசியும் போய்விடும்; குறைவாக ஊறினால் குழம்பு கரிக்கும். மண்சட்டியில் நல்லெண்ணெய். அதில் கடுகோடு நிறுத்தாமல் தாளிப்பு வடகத்தைக் கிள்ளிப் போடுவார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கியதும் கத்திரிக்காயோ முருங்கைக்காயோ மொச்சைக்கொட்டையோ விழும். மாங்காய்க் காலத்தில் மாங்காய். அப்போது புளி குறையும். குழம்பு மிளகாய்த்தூள், புளிக்கரைசல். காய் வெந்து, பச்சை வாசனை போய், எண்ணெய் மிதக்கத் தொடங்கும்போதுதான் கருவாடு. அதுவரை உப்பு போடுவதில்லை, அல்லது காய்க்கு மட்டும் கண்ணளவு. கருவாடு கொதித்துத் தன் உப்பைக் குழம்புக்குக் கொடுத்த பிறகு ருசி பார்ப்பார்கள். மறுநாள் காலை அது வேறு குழம்பாகியிருக்கும். சட்டியில் ஒட்டியதைப் பழைய சோறு போட்டுப் பிசைந்து தின்ன வீட்டில் போட்டி நடக்கும்.

வடகம் தனியாகச் சொல்ல வேண்டிய பொருள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தட்டி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, கோடை வெயிலில் நாள் கணக்கில் காயவைத்து உருட்டி எடுத்துவைப்பார்கள். ஓர் ஆண்டுக்குக் கெடாது. விழுப்புரம், கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வடகம் இல்லாத மீன் குழம்பு அரைக் குழம்பு. புதுச்சேரி வழியாக இது பிரான்சுக்கும் போய், ‘வடுவான்’ என்ற பெயரில் பாரிஸ் சமையல்காரர்களின் மசாலா ஆகிவிட்டது. அங்கே அதை வெண்ணெயில் குழைத்து இறாலுக்கும் ஆட்டிறைச்சிக்கும் போடுகிறார்கள். ஆக, ஆயாவின் சட்டிக்குள் விழும் பொருள்களில் உப்பு, கருவாடு, வடகம், புளி, மிளகாய் என்று ஐந்து பொருள் வெயிலில் காய்ந்தவை. அடுப்பு எரிந்தது அரைமணி நேரம். வெயில் எரிந்தது மாதக் கணக்கில்.

இவற்றில் எதையும் எழுதிவைக்கும் வழக்கம் இந்தக் கரையில் இல்லை. தமிழில் பாட்டியின் சமையல் புத்தகமாக மாறிய புகழ்பெற்ற கதை எஸ். மீனாட்சி அம்மாளுடையது. 1951இல் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. உறவுப் பெண்கள் கல்யாணமாகி வெளியூர் போனதும் கடிதம் எழுதிக் குறிப்பு கேட்பார்கள். அதற்குப் பதில் எழுதி எழுதிக் கை சலித்த நிலையில், உறவினர் கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் புத்தகமாகவே போடச் சொன்னார் என்பது அந்த நூலின் பிறப்புக் கதை. ஆழாக்கு, பலம் என்று அளவு சுத்தமாக எழுதப்பட்ட குறிப்புகள். பல பதிப்புகள் கண்டு, பேத்தி தலைமுறை வரை அந்தக் குடும்பம் அதைக் காத்து வருகிறது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிள்ளைகளின் பெட்டியில் ஊறுகாயோடு அதுவும் போனது. அது சைவச் சமையல், பிராமண வீட்டுச் சமையல். மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, இந்தியச் சமையல் புத்தகங்கள் பற்றி 1988இல் எழுதிய கட்டுரையில், நகரத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் எழுதியும் வாசித்தும்தான் ‘இந்தியச் சமையல்’ என்ற ஒன்று உருவானது என்று காட்டினார். கடிதம் எழுதத் தெரிந்த வீட்டின் குழம்பு புத்தகத்துக்குள் போனது. கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்த வீட்டின் குழம்பு போகவில்லை.

ஆனாலும் மீனாட்சி அம்மாளின் முறையில் கருவாட்டுக் குழம்பை எழுதியிருந்தால் அது நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான். கடையில் வாங்கும் துவரம்பருப்பு ஓரளவுக்கு எங்கும் ஒன்றுதான். கருவாடு அப்படி இல்லை. அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் சட்டன் கிரேக்கத்தின் காலிம்னோஸ் தீவில் பல ஆண்டுகள் சமையலறைகளைக் கவனித்து, கேமராவில் பதிவும் செய்தார். அங்கே பெண்கள் வெட்டும் பலகை இல்லாமல், காயைக் கையிலேயே பிடித்துக் கத்தியால் சீவுகிறார்கள். வெளியாருக்கு ஆபத்தாகத் தெரியும் அந்தப் பழக்கம், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே, எங்கே வேண்டுமானாலும் நகர்ந்து சமைக்க வசதி தருகிறது என்று அவர் கண்டார். அரிவாள்மணை முன் குத்துக்காலிட்டு மீன் ஆயும் கைக்கும் இது பொருந்தும். தாய் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் மகளுக்கு இது வரும்.

எழுதப்பட்ட குறிப்புக்கு வேறோர் உச்சமும் உண்டு. நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் அடைபட்டிருந்த மீனா பெஹ்டர் என்னும் யூத மூதாட்டியும் உடனிருந்த பெண்களும், பட்டினிக்கு நடுவே, நினைவிலிருந்த கேக், இறைச்சிக் குறிப்புகளைக் கிடைத்த தாளில் எழுதினார்கள். பெஹ்டர் 1944இல் அங்கேயே இறந்தார். அந்தக் கட்டு கைமாறிக் கைமாறி, கால் நூற்றாண்டு கழித்து நியூயார்க்கில் இருந்த மகளைச் சேர்ந்தது. 1996இல் ‘இன் மெமரிஸ் கிச்சன்’ என்று நூலானது. பல குறிப்புகளில் அளவுகளும் படிகளும் விடுபட்டிருக்கின்றன, அப்படியே செய்தால் பண்டம் வராது. அந்தப் புத்தகத்தை யாரும் சமைக்க வாங்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அது பாட்டி. அதற்கு மேல் ஒரு குறிப்பு எதையும் தர வேண்டியதில்லை.

மரக்காணத்துப் பேரப்பிள்ளைகளின் நிலைமை இதற்கு நேர் எதிர். செய்முறை முழுசாக நினைவிருக்கிறது, மாறிக்கொண்டிருப்பது கரை. 2006 மே 17 முதல் அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கத் தடை இருப்பதால், சமையலறை அலமாரியில் பாக்கெட் தூளுப்பு. உப்பளத்துக் கல்லுப்பு மீனுக்கும் தோலுக்கும் தொழிற்சாலைக்கும். முன்கழுத்துக் கழலையைத் தடுக்க அயோடின் தேவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. என்றாலும் ஊரின் உப்பு ஊரின் அடுப்புக்கு நேரே போவது நின்றுபோயிற்று. ஐஸ் பெட்டியும் குளிர்வண்டியும் வந்த பிறகு நல்ல மீன் ஈரமாகவே ஊரைத் தாண்டிவிடுகிறது. கருவாட்டுக்கு மிஞ்சுவது அடிபட்டதும் பொடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; கருவாடு காய அதைவிட நல்ல வெயில் கிடையாது, ஆனால் அப்போது விசைப்படகு மீன் கிடையாது. மழையும் முன்புபோல் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்துப் பாத்திகள் ஏரியாகின. மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் 5,000 ரூபாய் உதவி, அந்த மாதங்களில் அங்கே வேறு வருமானம் இல்லை என்பதற்கான ஒப்புதல்.

இன்னொரு மாற்றம் வாசனையைப் பற்றியது. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றமடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்று அவர் கத்திய காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஊழியர்களை மட்டும் குற்றம் சொல்லி நகர்ந்துவிடுவது வசதி. கருவாடு சமைக்கக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லி வீடு வாடகைக்கு விடும் வழக்கம் சென்னையில் புதிதல்ல. ஆயாவின் குழம்பை நினைத்து உருகும் பேரனும் அலுவலக மதிய உணவுக்கு அதை எடுத்துப் போவதில்லை. நினைவில் மணப்பது அடுத்தவர் மூக்கில் சாதியாகவும் வர்க்கமாகவும் நாறுகிறது. மணம் நினைவைக் கிளறும் என்று பொதுவாக எழுதுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரைக்கும் உள்ளானுக்கும் இப்போது ஆவணம் இருக்கிறது: எந்த மாதம் வருகின்றன, எதைத் தின்கின்றன, எவ்வளவு உப்பு நீரைத் தாங்குகின்றன என்பது வரை. சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் அடுப்படிக்கும் அதே கவனத்தோடு ஆவணம் எழுதலாம். எழுதினால் ‘கருவாடு 200 கிராம்’ என்பது போதாது. பங்குனியில் காய்ந்த வாளையா, ஆவணியில் காய்ந்ததா? உப்பு அடைத்து எத்தனை இரவு? அந்த ஆண்டு முதலில் வாரிய உப்பா, அம்பாரத்தில் கிடந்து பழகிய உப்பா? காயவைத்தது மணலிலா, சிமெண்ட் தளத்திலா, வலையிலா? விற்றவர் எந்தக் குப்பம்? இத்தனையும் கேட்டுக்கொண்டு ஆயாவிடம் போனால் அவர் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கும், ஏனென்றால் கூடைக்காரியிடம் அவர் கேட்டு வாங்கியதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சிப் பெரிய அண்டாவில் நிறைத்ததும், தெருவே வரிசையில் நின்று சொம்பிலும் தூக்கிலும் வாங்கிப்போகும். ஜூன் 14இல் தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். படகுகள் கடலுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். கரையில் பச்சை மீன் தாராளமாகக் கிடைக்கும். இருந்தும் வீடுகளில் அன்று கூழுக்குத் தொட்டுக்கொள்ளச் சட்டியில் கொதிப்பது கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும். மீன் குழம்பு வைக்கலாமே என்று கேட்டால், கூழுக்கு அது எடுபடாது என்பார்கள். புளித்த கூழுக்கு அந்த உப்பின் வேகம் வேண்டும். தடைக்கு முன்பு, மாசி, பங்குனி வெயிலில் காய்ந்து பானையில் காத்திருந்த கருவாடு அன்றைக்கு வெளியே வரும்.